டிரெய்லரோடு போன நிழல்

திருச்செங்கோட்டிலிருந்து சங்ககிரி போகிற சாலையில், லாரிப் பட்டறைகள் வரிசையாக முடிந்து எடைமேடை வருகிற இடத்தில் ஒரு தூங்குமூஞ்சி மரம் நிற்கிறது. அதன் அடியில் அர்த்தனாரியின் பழைய டிரெய்லர் பல வருஷமாகத் துருப்பிடித்துக் கிடந்தது. கோழிகள் அதற்குள் முட்டையிட்டன, ஓணான்கள் குடும்பம் நடத்தின, இஸ்திரி வண்டிக்கார வையாபுரி தன் கரி மூட்டையை அதன்மேல்தான் வைத்திருந்தார். ஆகவே அந்த டிரெய்லரை எடுத்துச் சுத்தம் செய்து, வீட்டில் நிற்கிற ஜீப்புக்குப் பின்னால் மாட்டி, ஊர் ஊராக இழுத்துக்கொண்டு போய்த் தங்குகிற வீடாக மாற்றப் போகிறேன் என்று அர்த்தனாரியின் மனைவி சம்பூரணம் சொன்னபோது, தெரு அதைக் காதில் வாங்கிக்கொண்டு, நடக்கும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று அவரவர் வேலைக்குத் திரும்பியது.

அர்த்தனாரி ரிக் வண்டி ஓட்டியவர். ஆழ்துளைக் கிணறு போடுகிற அந்தப் பெரிய வண்டியை ஓட்டிக்கொண்டு, பின்னால் இந்த டிரெய்லரில் குழாய்களை ஏற்றிக்கொண்டு, நாட்டில் எங்கெல்லாம் தண்ணீர் இல்லையோ அங்கெல்லாம் போய் நின்றவர். ராஜஸ்தான் மணலிலும் சத்தீஸ்கர் காட்டிலும் வண்டிக்கடியில் துண்டை விரித்துப் படுத்தவர். வயதாகி வேலையை விட்டு வந்தபோது அவருக்கு இருந்தது ஒரே ஆசைதான், இனி எங்கேயும் போகக் கூடாது. ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை வாங்கி வாசலில் போட்டு உட்கார்ந்தார். சம்பூரணத்தின் ஆசை நேர்மாறானது. மரத்துக்கு எதிரில் கடை போட்டு லாரிகளுக்குத் தார்ப்பாய் தைத்துக் கொடுப்பவள் அவள். அவள் கைத்தையல் அஸ்ஸாம் மழையில் நனைந்திருக்கிறது, குஜராத் வெயிலில் காய்ந்திருக்கிறது, அவளோ கலியாணத்துக்கும் கருமாதிக்குமாக ஈரோட்டைத் தாண்டியதில்லை. அர்த்தனாரி எங்கிருந்தோ போன் செய்து, இங்கே மயில் வந்து வண்டிமேல் உட்கார்ந்திருக்கிறது, இங்கே ஆறு சிவப்பாக ஓடுகிறது என்று சொன்னதையெல்லாம் அவள் ஊசியைப் பிடித்தபடியே கேட்டுக் கேட்டுச் சேர்த்து வைத்திருந்தாள். அவர் வேலையை விட்டு வந்தால் தன்னைக் கூட்டிப் போவார் என்று நினைத்திருந்தாள். நாற்காலி வந்தபிறகு ஒரு வருஷம் பொறுத்துப் பார்த்தாள்.

"ரோட்டுலயே கெடந்தவனுக்கு இனி வூட்டு வாசல் போதும் சம்பூரணம்" என்றார் அவர்.

"நீங்க ரோட்டுல கெடந்தீங்க. நான் கெடக்கலீங்களே" என்றாள் அவள்.

அன்றைக்கே அவள் வையாபுரியின் கரி மூட்டையை இறக்கி வைத்துவிட்டு, கோழிகளை விரட்டிவிட்டு, சக்கரத்துக்குக் காற்றடித்து, தெருக்கோடியில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கும் சாதிக்கின் ஆள்களைக் கூட்டி வந்து டிரெய்லரை வெளியே இழுக்கச் சொன்னாள். அது முனகிக்கொண்டே நகர்ந்தது. அது நகர, அதன்மேல் கிடந்த நிழலும் கூடவே நகர்ந்தது.

முதலில் பார்த்தவர் வையாபுரிதான். மடித்துக்கொண்டிருந்த சட்டைமேல் திடீரென்று வெயில் விழுந்ததும் நிமிர்ந்தார். மரம் இருந்த இடத்தில் இருந்தது, கிளை இருந்தது, இலை இருந்தது, அதற்குக் கீழே மட்டும் தரை வெள்ளையாகக் காய்ந்துகொண்டிருந்தது. நிழலோ ஒரு பெரிய யானை மாதிரி டிரெய்லரை மூடிக்கொண்டு சாலையில் போய்க்கொண்டிருந்தது.

"ஏனுங்க அக்கா, நெழலு வண்டியோட போவுதுங்க" என்றார் வையாபுரி.

சம்பூரணம் திரும்பிப் பார்த்தாள். "இத்தன வருசம் ஒண்ணாக் கெடந்துதல்ல, போவத்தான் செய்யும்" என்று சொல்லிவிட்டு, கொக்கி சாலையில் உரசாமல் இருக்கிறதா என்று குனிந்து பார்த்தபடி நடந்தாள்.

வையாபுரி தன் வண்டியைத் தள்ளிக்கொண்டு பின்னாலேயே போனார். அவருக்குப் பின்னால் ஆட்டோக்காரர்கள் போனார்கள், மதியம் மரத்தடியில் பொட்டலம் பிரித்துச் சாப்பிடுகிற எடைமேடைப் பெண்கள் சோற்றுத் தூக்குப்போசியோடு போனார்கள், பழக்கதோஷத்தில் மரத்தடியிலேயே படுத்துப் பார்த்த நாய்களும் வயிறு சுட்டு எழுந்து கடைசியாகப் போயின. சாயங்காலத்துக்குள் சாதிக்கின் பட்டறைதான் மரத்தடி என்று ஆகிவிட்டது. எதனால் இப்படி ஆனது என்று கேட்டவர்கள் கொஞ்சம் பேர். நிழலில் இடம் பிடித்தவர்கள் நிறையப் பேர். தூங்குமூஞ்சி மரம் அந்தியில் இலையை மடக்கித் தூங்கும் என்பதால், பட்டறையில் விழுந்த நிழலும் அந்தியானால் சல்லடை மாதிரி இளைத்தது, காலையில் மறுபடி அடர்ந்தது. மரத்தில் காக்கை வந்து உட்கார்ந்தால் இங்கே தகரக் கூரைமேல் காக்கையின் நிழல் வந்து உட்கார்ந்தது. சாதிக் முதலில் அதை விரட்டினார். பிறகு அதுபாட்டுக்கு இருக்கட்டும் என்று விட்டுவிட்டார்.

நிழல் கூடிய இடத்தில் ஆள் கூடியது, ஆள் கூடிய இடத்தில் வேலை நடந்தது. துருவை உப்புத்தாளால் தேய்த்தவர்கள் ஆட்டோக்காரர்கள், சவாரி வரும்வரை சும்மா இருப்பானேன் என்று. ஓட்டையாகிப் போன அடித்தகட்டை வெட்டியெடுத்துப் புதுத் தகடு போட்டவர் சாதிக். பட்டை ஸ்பிரிங்கில் ஒடிந்ததை மாற்றி, கல்லிலும் மேட்டிலும் போகிற வண்டி என்பதால் சக்கரத்தைப் பெரிதாக்கி, தரைக்கும் அச்சுக்கும் நடுவே உயரம் கூட்டிக் கொடுத்தார் அவர். பக்கவாட்டில் திறக்கிற கதவைத் திறந்தால் அதுவே பலகையாகி அடுப்பு வைக்க ஆகும். பின்பக்கம் தண்ணீர்த் தொட்டி, அதற்கு ஒரு குழாய். மேலே சம்பூரணம் தைத்த கூடாரம், லாரித் தார்ப்பாயிலேயே நல்லதாகப் பார்த்து எடுத்தது, மடித்தால் பெட்டிபோல் படுத்துக்கொள்ளும், விரித்தால் இரண்டு பேர் நீட்டிப் படுக்க இடம் கொடுக்கும், மழைக்கு ஒரு முகப்பும் காற்றுக்கு ஒரு சன்னலும் உண்டு. சன்னலை எவ்வளவு பெரிதாக வைப்பது என்பதில் தெருவே இரண்டாகப் பிரிந்து வாதாடியது. பெரிதாகவே வைத்தாள். பார்க்கத்தானே போகிறேன் என்றாள்.

அர்த்தனாரி மட்டும் வரவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து, தூரத்தில் பொறி பறப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒருநாள் மெல்ல எழுந்து வந்து, கொக்கியைக் கையால் அசைத்துப் பார்த்து, இது கத்துமே, இங்கே ஒரு ரப்பர் வைக்கணும் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். சம்பூரணத்துக்கு அது போதுமானதாக இருந்தது. அன்று அவள் நன்றாகச் சாப்பிட்டாள்.

வேலை முடிகிற நேரத்தில்தான் தெருவுக்கு உறைத்தது. சித்திரை வெயில் அப்போதுதான் தலைகாட்டியிருந்தது, டிரெய்லர் போனால் நிழலும் போகும், அந்தச் சாலையில் வேறு மரம் இல்லை. போகாதே என்று யாரும் அவளிடம் சொல்லவில்லை. அப்படிச் சொல்கிற மனம் அங்கே யாருக்கும் இல்லை. ஆனால் முடிந்த வேலைகள் முடியாமல் இருக்கத் தொடங்கின. சாதிக் ஒரு பற்றவைப்பில் சந்தேகம் என்று சொல்லி அதைத் தட்டிவிட்டு மறுபடி பற்றவைத்தார். பெயிண்டர் இன்னொரு பூச்சு வேண்டும் என்றார், அது காய்ந்ததும் இதற்குமேல் இன்னொன்று அடித்தால் நிற்கும் என்றார். வையாபுரி, முகூர்த்த நாளெல்லாம் போகட்டுமே அக்கா, வெயில் தாழ்ந்தபிறகு போனால் உடம்புக்கும் நல்லது என்று பட்டுச்சேலைக்குத் தண்ணீர் தெளித்தபடி சொன்னார். அவள் எல்லாரையும் பார்த்தாள். எல்லாரும் வேறு எங்கோ பார்த்தார்கள்.

அதன்பிறகு சில நாள்கள் சம்பூரணம் பட்டறைப் பக்கம் வரவில்லை. கோபம் என்று தெரு நினைத்துக்கொண்டது. அவள் கடைக்குள் உட்கார்ந்து தைத்துக்கொண்டிருந்தாள். கிழிந்து போனது, டிரைவர்கள் விட்டுப் போனது, அளவு தப்பியது என்று கடையில் சேர்ந்து கிடந்த அத்தனை தார்ப்பாயையும் பிரித்து, பச்சையோடு நீலத்தையும் நீலத்தோடு மண்நிறத்தையும் சேர்த்து, காலால் மிதித்துத் தைக்கிற பழைய மிஷினில் இரவென்றும் பகலென்றும் பாராமல் தைத்தாள். கடைசியில் அதை வெளியே இழுத்து வர ஆட்டோக்காரர்கள் அத்தனை பேரும் வேண்டியிருந்தது. விரித்தபோது சாலையின் இந்த ஓரத்திலிருந்து மரத்தடி வரை விரிந்தது. சாதிக்கின் குழாய்களை நட்டு, ஒரு முனையை மட்டும் தூங்குமூஞ்சி மரத்தின் கிளையில் இழுத்துக் கட்டினார்கள். அதன்கீழே நின்று சம்பூரணம் சொன்னாள்:

"மரத்து நெழலு மாதிரி குளுகுளுன்னு இருக்காதுங்க. ஆனா வெயிலு படாது. ஆடி பொறக்கறதுக்குள்ள அதையக் கூட்டிக்கிட்டு வந்து உங்ககிட்ட உட்டுர்றேன்."

சாதிக் அன்றைக்கே பற்றவைப்பை முடித்தார்.

புறப்படுகிற காலையில் அவள் ஜீப்பின் பக்கத்து சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். ஓட்டுகிற சீட் காலியாக இருந்தது. அர்த்தனாரி வராவிட்டால் சாதிக்கை ஓட்டச் சொல்லிப் போவது என்று பேசி வைத்திருந்தாள், சாதிக்கும் நல்ல சட்டை போட்டுக்கொண்டு தயாராக நின்றார். அர்த்தனாரி நாற்காலியிலிருந்து எழுந்து, வேட்டியை மடித்துக் கட்டி, சாதிக் கிளட்ச்சை மிதித்தே கொன்றுவிடுவான் என்று முணுமுணுத்துக்கொண்டே வந்து ஏறினார். நிழல் பின்தொடர்ந்தது.

கரூரைத் தாண்டியபோது சம்பூரணம் பேசுவதை நிறுத்திவிட்டுப் பார்க்கத் தொடங்கினாள். திண்டுக்கல்லுக்கு இந்தப் பக்கம் ஒரு பாறைமேல் நிறுத்திச் சமைத்தாள், மதுரைக்கு அந்தப் பக்கம் ஒரு கண்மாய்க் கரையில் கூடாரத்தை விரித்துத் தூங்கினாள். எங்கே நின்றாலும் நிழல் அவர்கள்மேல் கவிந்து நின்றது. ஆடு மேய்ப்பவர்கள் ஆட்டை ஓட்டி வந்து படுக்கவைத்தார்கள், பிரசாரத்துக்குப் போன ஒரு கட்சி வேன் நின்று இளைப்பாறிவிட்டு இது யாருடைய ஏற்பாடு என்று விசாரித்தது. ஒருநாள் நிழலுக்குள் ஓர் ஆள் கிளைமேல் ஏறுவது தெரிந்தது. லுங்கியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டியிருந்த விதத்தைப் பார்த்ததுமே சம்பூரணம், அது ஊரில் சாதிக் பாய்தான், காற்றில் தார்ப்பாய்க் கயிறு தளர்ந்திருக்கும், ஏறிக் கட்டுகிறார் என்றாள். அந்த நிழல் முடிச்சுப் போட்டு முடிக்கும்வரை இரண்டு பேரும் சோற்றில் கை வைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "விழுந்துறப் போறான்" என்றார் அர்த்தனாரி. விழவில்லை. அப்புறம் சாப்பிட்டார்கள்.

கடலைப் பார்க்க வேண்டும் என்பது அவள் ஆசை. தூத்துக்குடிக்குப் பக்கத்தில் சாலை கடலை நோக்கித் திரும்புகிற இடத்தில் இரண்டு பக்கமும் உப்பளம் வந்தது. கண் கூசுகிற வெள்ளை, பாத்தி பாத்தியாகத் தண்ணீர், நடுவில் குவியல் குவியலாக உப்பு, கண்ணுக்கெட்டிய தூரம்வரை ஒரு செடி கிடையாது. அவர்கள் ஜீப்பை ஓரமாக நிறுத்தி அடுப்பைப் பற்றவைத்த சிறிது நேரத்தில், வரப்பின்மேல் பெண்கள் வரிசையாக வருவது தெரிந்தது. தலையில் துணி சுற்றி, உப்பில் கால் வெடித்து, உப்பு வாருகிற பலகையைக் கையில் பிடித்தபடி வந்தவர்கள் நிழலின் ஓரத்தில் வந்து நின்றார்கள், உள்ளே வரலாமா என்று கேட்கிற மாதிரி. முன்னால் நின்றவள் பேர் பேச்சிக்கனி. சம்பூரணத்தின் வயதுதான் இருக்கும். வாங்க, உட்காருங்க என்று சம்பூரணம் சொன்னதும் வந்து உட்கார்ந்தார்கள். மரம் எங்கே என்று யாரும் கேட்கவில்லை. உட்கார்ந்த இடத்திலேயே இரண்டு பேர் தூங்கிப் போனார்கள்.

ஒருநாள் தங்கிவிட்டுக் கடலுக்குப் போகலாம் என்று நினைத்தவள் மறுநாளும் தங்கினாள், அதற்கு மறுநாளும் தங்கினாள். உப்பளத்துப் பெண்கள் வெள்ளென வந்து வாருவார்கள், வெயில் ஏறினால் நிழலுக்கு வருவார்கள், நிழல் இளைக்கத் தொடங்கினால் மணி பார்க்காமலே வீட்டுக்குக் கிளம்புவார்கள். பேச்சிக்கனி மீன் கொண்டு வந்தாள், சம்பூரணம் பலகைக் கதவைத் திறந்து போட்டுக் குழம்பு வைத்தாள். ஒரு மத்தியானம் இளம் பெண்ணொருத்தி பாத்தியிலேயே மயங்கி விழுந்தாள். நான்கு பேர் அவளைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்து நிழலில் போட்டார்கள், தண்ணீர்த் தொட்டிக் குழாயைத் திறந்து தலையை நனைத்தார்கள், கொஞ்ச நேரத்தில் அவள் கண் திறந்து, என் பலகை எங்கே என்று கேட்டாள். எல்லாரும் சிரித்தார்கள், பேச்சிக்கனியைத் தவிர. அவள் சம்பூரணத்தின் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, தன் கையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்:

"போன சித்திரையில எங்க அக்கா இந்தா இந்த வரப்புலதான் விழுந்தா. நெழலுக்குத் தூக்கிக்கிட்டு ஓடுனோம். ஓடுனோம், ஓடுனோம், நெழலு வரல."

சம்பூரணம் அவளுடைய கையைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள்.

ஆடி நெருங்கிக்கொண்டிருந்தது. புறப்படுவது என்று முடிவான காலையில் கூடாரத்தை மடித்து, பலகையைச் சாத்தி, கொக்கியை மாட்டியபிறகு சம்பூரணம் பார்த்தாள். உப்பளத்துப் பெண்கள் வேலையை விட்டுவிட்டு வரப்பில் நின்றுகொண்டிருந்தார்கள். போகாதே என்று யாரும் சொல்லவில்லை. எல்லாரும் வேறு எங்கோ பார்த்தார்கள். தெருவுக்குக் கொடுத்த வாக்கு அவள் முன்னால் வந்து நின்றது. வையாபுரியின் முகம் நின்றது, சூட்டில் எழுந்து நடந்த நாய்கள்கூட நினைவுக்கு வந்தன. இங்கேயும் ஒரு தார்ப்பாய் தைத்துக் கட்டிக் கொடுக்கலாமா என்று நினைத்தாள். கடல்காற்று அதை ஒரு வாரத்தில் கிழித்து எறிந்துவிடும் என்பது அவள் தொழிலில் கற்றது.

"என்னங்க செய்யிறது?" என்று அர்த்தனாரியைக் கேட்டாள்.

அவர் ஸ்டியரிங்கில் கை வைத்தபடி அந்த வெள்ளையைப் பார்த்தார். "வண்டிக்கடியில பூந்து படுத்தவன் நானு. நெழலு இல்லாத எடம் எப்புடின்னு எனக்குத் தெரியும்" என்றார். "ஊருல என்ன சொன்னாலும் சேந்தே கேட்டுக்கலாம்."

சம்பூரணம் ஜீப்பிலிருந்து இறங்கி, நிழலின் நடுவில் போய் நின்றாள். பக்கத்து வீட்டில் பிள்ளையை விட்டுவிட்டுப் போகிறவள் பேசுகிற மாதிரி, குரலை உயர்த்தாமல், அதனிடம் சொன்னாள். "நீ இங்கயே இரு. ஊருல நான் சொல்லிக்கிறேன்."

வண்டி நகர்ந்தது. கூடாரத்தின்மேல் வெயில் பளீரென்று அடித்தது. அவள் கடைசிவரை திரும்பிப் பார்க்காமல் உட்கார்ந்திருந்தாள், கண்ணாடியில் பார்த்துவிட்டு அர்த்தனாரிதான் அது இருக்கிறது, அங்கேயே இருக்கிறது என்று சொல்லிக்கொண்டு வந்தார்.

கடலைப் பார்க்காமலே ஊருக்கு வந்தாள். தார்ப்பாய்க்குக் கீழே தெரு முழுவதும் கூடியது, டிரெய்லர் வெறும் வெயிலில் வந்து நிற்பதை எல்லாரும் பார்த்தார்கள். அவள் உப்பளத்தைச் சொன்னாள், பாத்தியில் விழுந்த பெண்ணைச் சொன்னாள், பேச்சிக்கனியின் அக்காவைச் சொன்னாள், ஒன்றையும் கூட்டவோ குறைக்கவோ இல்லை. சொல்லி முடித்ததும் வையாபுரி துண்டால் முகத்தைத் துடைத்தார்.

"குடுத்ததுல தப்பில்லீங்க அக்கா" என்றார். "எங்ககிட்ட ஒரு வார்த்த சொல்லாமக் குடுத்துட்டீங்களே."

வெளியூரில் பெண்ணைக் கட்டிக் கொடுத்த வீட்டின் வருத்தம்தான் அது, அப்படியே அந்தத் தெரு அதை எடுத்துக்கொண்டது. அன்றிலிருந்து நிழலைப் பற்றிப் பேசும்போதெல்லாம், தூத்துக்குடியில் இருக்கிறது என்று சொல்லத் தொடங்கினார்கள். பேச்சிக்கனி போன் செய்தால் ஒலிபெருக்கியில் போட்டு எல்லாரும் கேட்டார்கள். கிளையில் எதைத் தொங்கவிட்டாலும் அங்கே தெரியும் என்று தெரிந்ததும், ஆடிப் பதினெட்டுக்கு மரத்தில் மாவிலைத் தோரணமும் ஓர் ஊஞ்சலும் கட்டினார்கள். உப்பளத்தில் அந்தத் தோரணம் நாள் முழுக்க ஆடியதைப் பேச்சிக்கனி சொன்னாள், ஊஞ்சலில் ஆடுகிற அந்தக் குண்டு அம்மா யார் என்று கேட்டாள். எடைமேடைப் பெண்களில் ஒருத்தி வெட்கப்பட்டுக்கொண்டு உள்ளே போனாள்.

போனில் கேட்டது போதாமல் ஆவணியில் ஒரு பஸ் பேசிக்கொண்டு தெருவே புறப்பட்டது. முன்னால் ஜீப்பும் டிரெய்லரும், பின்னால் பஸ். வெறுங்கையோடு போகலாமா என்று முறுக்கும், வாழைத்தாரும், மரத்தடி மண் ஒரு சட்டியும், தலைக்குக் கட்ட உப்பளத்துப் பெண்களுக்கு ஆளுக்கொரு துண்டும் எடுத்துக்கொண்டார்கள். மத்தியான வெயிலில் போய் இறங்கி, வெள்ளைப் பரப்பின் நடுவே அது படுத்துக்கிடப்பதைத் தூரத்தில் பார்த்ததும் பஸ்ஸில் எல்லாரும் ஒரு பக்கமாக எழுந்து நின்றார்கள். வையாபுரி முதல் ஆளாகப் போய்ச் செருப்பைக் கழற்றிவிட்டு அதன்மேல் காலை வைத்தார்.

"எளச்சுப் போச்சுங்களே" என்றார்.

"உப்புக் காத்துல்லா, அப்பிடித்தான் தெரியும். நல்லாத்தான் இருக்கு" என்றாள் பேச்சிக்கனி, கொஞ்சம் முறைப்பாகவே.

அதற்குள் நிழலில் ஒரு சேலை வந்து ஆடியது. தன் வீட்டுக்காரி வரமாட்டேன் என்று அங்கேயே இருந்துகொண்டு மரத்தில் துணி காயப்போட்டிருக்கிறாள் என்று வையாபுரி சங்கடப்பட்டார். பேச்சிக்கனி சிரித்துவிட்டாள், அதன்பிறகு சம்பந்தி வீடு மாதிரிதான் எல்லாம் நடந்தது. மீனும் சோறும் ஆனது, சாதிக் டிரெய்லரின் அடியில் படுத்துப் பற்றவைப்பையெல்லாம் தட்டிப் பார்த்தார், அப்புறம் இரண்டு ஊரும் கலந்து, யார் எந்த ஊர் என்று தெரியாமல், தலைமாடு கால்மாடாகப் படுத்துத் தூங்கியது. கிழக்கே வெகுதூரம் நீண்ட நிழல் அந்தியில் மெல்ல இளைத்தது. ஒவ்வொருவராக எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டார்கள். வையாபுரி குனிந்து, தரையை ஒருமுறை தடவிக் கொடுத்துவிட்டு, போயிட்டு வர்றோம் என்றார்.

பஸ் வடக்கே திரும்பி ஹாரன் அடித்தது, பின்னால் வாருங்கள் என்று ஆட்டோக்காரர்கள் சன்னலில் கையை நீட்டிக் கூப்பிட்டார்கள். சம்பூரணம் கொக்கியைச் சரிபார்த்துவிட்டு ஏறி உட்கார்ந்தாள். அர்த்தனாரி வண்டியைக் கிளப்பினார், சாலைக்கு ஏற்றினார், யாரையும் கேட்காமல் கிழக்கே, கடல் இருக்கிற பக்கமாகத் திருப்பினார்.